தாடியஸ் ஸ்டீவன்ஸ்: 1865 டிசம்பர் 4 அன்று தெற்கு உறுப்பினர்களை வெளியே நிறுத்தியது எந்தச் சட்டப்படி?

தெற்குவாசல் கேட்டது:

உள்நாட்டுப் போர் முடிந்தபின் 39-ஆவது அமெரிக்கக் காங்கிரஸ் கூடிய முதல் நாளில், தெற்கு மாநிலங்களில் ஜெயித்து வந்தவர்களின் பெயரைப் பிரதிநிதிகள் சபையில் கூப்பிடவே இல்லை, பின்னால் இருந்து அதை நடத்தியவர் பென்சில்வேனியாவின் தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்று புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் என்ன நடந்தது என்றுதான் தெரிய வேண்டும்.

1. தேர்தலில் ஜெயித்துச் சான்றோடு வந்த ஒருவரை வாசலில் நிறுத்த யாருக்கு அதிகாரம்? சபாநாயகரே இன்னும் தேர்வாகாத நேரம் அது.

2. ஸ்டீவன்ஸ் தொழில்முறையில் எப்படிப்பட்ட வக்கீல்? அடிமை முறையின் பரம எதிரி என்று பெயர் வாங்கியவர் 1821-இல் அடிமை முதலாளி பக்கம் வாதாடி ஜெயித்தார் என்று படித்தேன். உண்மையா?

3. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை கையில் இருந்தும் அவருடைய நிலப் பங்கீட்டுத் திட்டமும் ஜனாதிபதி ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணையும் தோற்றது ஏன்?

இன்னொன்று: பிரிந்துபோன மாநிலங்கள் அமைத்த தென் கூட்டமைப்பின் துணை ஜனாதிபதியாக இருந்தவரும் அன்று வெளியே நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் என்று ஓர் இடத்தில் பார்த்தேன். சரியா?

---

அவைக்குறிப்பு எழுதியது:

முதலில் கடைசிக் கேள்வி. நீங்கள் சொல்பவர் ஜார்ஜியாவின் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ். தமிழில் எழுதினால் இருவர் பெயரும் ஒன்றுபோல விழுவதால் அடிக்கடி குழப்பம் வருகிறது. ஜார்ஜியா சட்டமன்றம் அவரை செனட்டுக்குத் தேர்ந்தெடுத்ததே 1866 ஜனவரி இறுதியில்தான். செனட்டிலும் அவரை உட்காரவிடவில்லை. ஆனால் டிசம்பர் 4 நிகழ்ச்சிக்கும் அவருக்கும் தொடர்பில்லை.

இனி முதல் கேள்வி. நம் மக்களவையில் தற்காலிக சபாநாயகர் என்று ஒருவர் இருந்து பதவிப்பிரமாணம் செய்துவைப்பார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அப்படி ஒருவர் கிடையாது. புதிய சபை கூடும் நாளில், முந்தைய சபையின் கிளார்க்தான் மேடையில் இருப்பார். அவர் பெயர்ப்பட்டியலை வாசிப்பார், பட்டியலில் இருப்பவர்கள் பதில் கொடுப்பார்கள், பதில் கொடுத்தவர்கள் சபாநாயகரைத் தேர்ந்தெடுப்பார்கள், அதன் பிறகே பதவிப்பிரமாணம். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அந்த நேரத்தில் வாக்கும் கிடையாது, பேச்சும் கிடையாது. எழுந்து 'ஆட்சேபிக்கிறேன்' என்று சொல்லக்கூட அவருக்கு இடமில்லை.

கிளார்க்கின் கைக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1863 மார்ச் 3 தேதியிட்ட ஒரு சட்டம். மாநிலச் சட்டப்படியோ கூட்டாட்சிச் சட்டப்படியோ முறையாகத் தேர்வானதாகச் சான்று காட்டுகிறவர்களை மட்டும் பட்டியலில் சேர்க்கலாம் என்பது அதன் சாரம். இதில் 'முறையாக' என்பதை முதலில் தீர்மானிக்கிறவர் கிளார்க். மேலே அரசியலமைப்பு, முதல் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு: தன் உறுப்பினர்களின் தேர்தலையும் தகுதியையும் தீர்மானிக்கும் நீதிபதி அந்தந்த அவையே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெரிந்துவிடும். கிளார்க் பெயரை விட்டுவிட்டால், பட்டியலில் இருக்கிற மற்றவர்கள் வாக்கெடுத்துச் சேர்த்தால்தான் உண்டு. அவர்கள் சேர்க்க விரும்பாவிட்டால் போக வேறு நீதிமன்றம் இல்லை.

இந்த ஆயுதத்தை முதலில் எடுத்தவர் ஸ்டீவன்ஸ் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1863 டிசம்பரில் கிளார்க்காக இருந்த டென்னசிக்காரர் எமர்சன் எத்ரிட்ஜ், சான்றின் வாசகம் சரியில்லை என்று காட்டிச் சில மாநிலங்களின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் பெயரை விட்டுப் பார்த்தார். பட்டியலில் மிச்சமிருந்தவர்கள் வாக்கெடுத்து அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள், திட்டம் அதோடு போயிற்று. கிளார்க் மட்டும் உங்கள் ஆளாக இருந்தால் போதாது, பட்டியலில் எஞ்சுகிறவர்களும் உங்கள் ஆட்களாக இருக்க வேண்டும் என்பது அன்று தெளிவாகிவிட்டது. 1865-இல் ஸ்டீவன்ஸுக்கு இரண்டும் இருந்தன. கிளார்க் எட்வர்ட் மெக்பெர்சன் கெட்டிஸ்பர்க்காரர், ஸ்டீவன்ஸின் அரசியல் நிழலில் வளர்ந்தவர். சபாநாயகர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் கோல்ஃபாக்ஸுக்கு 139, ஜனநாயகக் கட்சியின் ப்ரூக்ஸுக்கு 36 என்றால் மீதி விளங்கும்.

நாள்வாரியாகப் பார்த்தால் வேலை எவ்வளவு கச்சிதம் என்று புரியும். டிசம்பர் 2 சனிக்கிழமை குடியரசுக் கட்சி உறுப்பினர்களின் கூட்டம். அதற்கு முந்தைய நாளே அக்கட்சியின் தீவிரப் பிரிவினர் தனியாகப் பேசி முடித்துவிட்டார்கள். சனிக்கிழமைக் கூட்டம் ஒரு சிறு குழுவிடம் திட்டத்தைத் தயாரிக்கச் சொன்னது, அந்தக் குழுவின் தலைவர் ஸ்டீவன்ஸ். குழு கொடுத்ததைக் கூட்டம் எதிர்ப்பில்லாமல் ஏற்றது. ஜான்சனோடு சண்டை வேண்டாம் என்று நினைத்த மிதவாதிகளும் அதில் மாட்டிக்கொண்டார்கள். ஏனென்றால் தீர்மானம் 'தெற்கை ஏற்க மாட்டோம்' என்று சொல்லவில்லை, 'விசாரித்துவிட்டு முடிவெடுப்போம்' என்றுதான் சொன்னது. அதை எந்த மிதவாதி எதிர்ப்பார்?

திங்கட்கிழமை மெக்பெர்சன் வாசிக்கிறார். டென்னசி வர வேண்டிய இடத்தில் வரவில்லை. ஹொரேஸ் மேனார்ட் எழுந்தார். ஜான்சன் தரப்புக்கு இவரைவிட நல்ல ஆள் கிடைத்திருக்க முடியாது: போர் முழுக்க ஒன்றியத்தின் பக்கம் நின்றவர், ஜனாதிபதியின் சொந்த மாநிலத்துக்காரர். வாசிப்பின் நடுவே குறுக்கிட அனுமதியில்லை என்றார் கிளார்க். வாசித்து முடிந்ததும் மேனார்ட் மறுபடி எழுந்தார், பட்டியலில் இல்லாதவரைப் பேச அழைக்க முடியாது என்றார் கிளார்க். ப்ரூக்ஸ் நல்ல கேள்வி ஒன்று கேட்டார்: டென்னசி ஒன்றியத்துக்குள் இல்லை என்றால், அந்த மாநிலத்துக்காரரான ஜான்சன் எப்படி ஜனாதிபதியாக இருக்கிறார்? வேண்டுமானால் காரணம் சொல்கிறேன் என்றார் மெக்பெர்சன். தேவையில்லை, எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஸ்டீவன்ஸ் அதையும் அடைத்தார். காரணத்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அதன்மேல் விவாதம் வந்திருக்கும். சபாநாயகர் இல்லாத அவையில் விவாதம் கிளம்பினால் அடக்க ஆளில்லை.

சபாநாயகர் தேர்வானதும் ஸ்டீவன்ஸ் கூட்டுக்குழுத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்: பிரதிநிதிகள் 9 பேர், செனட்டர்கள் 6 பேர், மொத்தம் 15. தெற்கு மாநிலங்களுக்குப் பிரதிநிதித்துவ உரிமை உண்டா என்று இவர்கள் விசாரித்துச் சொல்வார்கள், அதுவரை எந்த அவையும் அங்கிருந்து யாரையும் ஏற்காது. விதிகளை நிறுத்திவைத்து 133-36 என்று அன்றே நிறைவேறியது.

இதில் ஒரு சட்டச் சறுக்கல் இருந்தது. அவர் கொண்டுவந்தது கூட்டுத் தீர்மானம். அந்த வகைத் தீர்மானம் ஜனாதிபதியின் கையெழுத்துக்குப் போக வேண்டும், ஜான்சன் வீட்டோ செய்யலாம். செனட் அதை இரு அவைகளும் ஒத்துக்கொள்ளும் தீர்மானமாக மாற்றியது, அதற்குக் கையெழுத்து வேண்டாம். கூடவே 'அறிக்கை வரும்வரை ஏற்க மாட்டோம்' என்ற வரியையும் செனட் எடுத்துவிட்டது, தங்கள் கதவை இன்னொரு அவையோடு சேர்த்துக் கட்ட விருப்பமில்லை என்று. ஸ்டீவன்ஸ் வாதாடி நேரத்தைப் போக்கவில்லை. எடுத்த வரியைப் பிரதிநிதிகள் சபைக்கு மட்டும் பொருந்தும் தீர்மானமாக நிறைவேற்றிக்கொண்டார். 1866 பிப்ரவரியில், விடுதலை பெற்ற அடிமைகளுக்கு உதவும் அரசு அமைப்பான ஃப்ரீட்மென்ஸ் பீரோ பற்றிய மசோதாவை ஜான்சன் வீட்டோ செய்ததும், காங்கிரஸ் தகுதியானது என்று அறிவிக்கும்வரை எந்த மாநிலத்தின் உறுப்பினரையும் ஏற்பதில்லை என்ற தீர்மானத்தை மறுபடி கொண்டுவந்தார். இந்தத் தடவை கோபத்தில் இருந்த செனட்டும் மார்ச் 2 அன்று ஒத்துக்கொண்டது.

கதவை ஏன் இவ்வளவு இறுக்கமாக மூட வேண்டும்? எண்ணைப் பாருங்கள். பிரிந்துபோன 11 மாநிலங்களுக்கும் சேர்த்து அன்றைக்கு இருந்த இடங்கள் 58. 1866 ஏப்ரல் 9 அன்று சிவில் உரிமைகள் சட்டத்தின் மீதான வீட்டோ பிரதிநிதிகள் சபையில் 122-41 என்று முறியடிக்கப்பட்டது. 122 ஆதரவை வைத்து மூன்றில் இரண்டு பங்கு எட்ட வேண்டுமானால் எதிர்ப்பு 61-ஐத் தாண்டக் கூடாது. அந்த 58 பேரில் 21 பேர் உள்ளே வந்து எதிர்த்திருந்தாலே வீட்டோ நின்றிருக்கும். செனட்டில் நிலைமை இன்னும் மோசம். அங்கே நியூஜெர்சியின் ஸ்டாக்டனைத் தேர்தல் முறைகேடு என்று மார்ச் 27 அன்று வெளியேற்றிய பிறகுதான் 33-15 வந்தது.

கூடவே, அடிமை முறை ஒழிந்ததால் ஐந்தில் மூன்று பங்குக் கணக்கும் ஒழிந்தது. 11 மாநிலங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் சுமார் 35 லட்சம் பேர். முன்பு அதில் ஐந்தில் மூன்று பங்குதான் இடப்பங்கீட்டில் சேரும், இனி முழுதும் சேரும். அதாவது வாக்குரிமை இல்லாத 14 லட்சம் பேரைக் காட்டித் தெற்கு கூடுதல் இடம் வாங்கப்போகிறது. தோற்றவனுக்குப் பரிசு என்று ஸ்டீவன்ஸ் பதறியது இதற்காகத்தான். அரசியலமைப்பின் 14-ஆம் திருத்தத்தின் இரண்டாம் பிரிவு, வாக்குரிமையை மறுத்தால் அந்த அளவுக்கு இடத்தைக் குறைக்கும் என்று வந்ததும் இதனால்தான்.

என் கருத்தில், இந்தப் பாடம் ஸ்டீவன்ஸ் பென்சில்வேனியாவிலேயே பட்டுத் தெரிந்துகொண்டது. 1838 தேர்தலில் பிலடெல்பியா கவுண்டியின் இடங்களுக்கு இரண்டு கட்சியும் தனித்தனி முடிவுப் படிவம் அனுப்பின. மாநிலச் செயலர் பரோஸ், ஸ்டீவன்ஸின் கூட்டாளி, தங்கள் தரப்புப் படிவத்தை ஏற்றார். ஒரே மண்டபத்தில் இரண்டு சபாநாயகர்கள், இரண்டு சபைகள். செனட் அரங்கில் கூட்டம் புகுந்தபோது ஸ்டீவன்ஸ் ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார். ஆளுநர் துணைப்படையை அழைத்தார், கொண்டுவந்த தோட்டாவின் பெயரால் இதை 'பக்‌ஷாட் போர்' என்பார்கள். கடைசியில் ஸ்டீவன்ஸோடு இருந்த மூன்று விக் கட்சி உறுப்பினர்கள் எதிர்ச் சபைக்குப் போய்விட, ஸ்டீவன்ஸ் தரப்பு தோற்றது. படிவம் கையில் இருந்தது, ஆள் எண்ணிக்கை கையில் இல்லை. அந்தச் சட்டமன்றம் கூடிய தேதியும் டிசம்பர் 4 என்பது தற்செயல்தான். ஆனால் 27 வருடம் கழித்து அவர் சனிக்கிழமையே எண்ணிக்கையை உறுதி செய்துகொண்டது தற்செயல் இல்லை.

---

வழக்குக்கட்டு எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு நான் வருகிறேன்.

1821 வழக்கு உண்மை. பட்லர் எதிர் டெலாப்ளேன், பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம். அந்த மாநிலத்தின் 1780 படிப்படியான ஒழிப்புச் சட்டப்படி, வெளி மாநிலத்தார் தற்காலிகமாகத் தங்க வரும்போது அடிமையைக் கூட்டி வந்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த அடிமை சுதந்திரர். சாரிட்டி பட்லர் என்ற பெண், மேரிலாந்துக் குடும்பம் ஒன்றோடு பலமுறை பென்சில்வேனியாவுக்கு வந்துபோனவர். எல்லாத் தங்கலையும் கூட்டினால் ஆறு மாதம் தாண்டும் என்பது அவர் தரப்பு. ஆறு மாதம் என்றால் இடைவிடாத ஆறு மாதம், துண்டு துண்டாகக் கூட்டக் கூடாது என்பது எதிர்த்தரப்புக்காக ஸ்டீவன்ஸ் வைத்த வாதம். நீதிமன்றம் அதை ஏற்றது. பட்லர் அடிமையாகவே திரும்பினார்.

இதற்குச் சமாதானம் சொல்ல முயல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேரிலாந்து எல்லையிலிருந்து சில மைல் தள்ளியிருக்கும் கெட்டிஸ்பர்க்கில் தொழில் தொடங்கிய இளம் வக்கீல், வந்த கட்சிக்காரருக்கு வாதாடினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஓடிவந்த அடிமைகளின் பக்கமே நின்றார் என்பதும் உண்மை. ஒன்று மற்றதை அழிக்காது.

தொழிலுக்குள் நுழைந்த விதமும் சுவாரசியமானது. 1792-இல் வெர்மான்ட்டின் டான்வில்லில் கோணல் பாதத்தோடு பிறந்தவர். 1814-இல் டார்ட்மவுத் பட்டம். பென்சில்வேனியாவின் யார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டு படித்தவரைச் சேர்ப்பதில்லை என்று அவ்வூர் வக்கீல்கள் விதி வைத்திருந்தார்கள். அவர் எல்லை தாண்டி மேரிலாந்தின் பெல் ஏருக்குப் போய் 1816-இல் அனுமதி வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து கெட்டிஸ்பர்க்கில் பலகை மாட்டினார். விதியோடு மோதாமல் விதி இல்லாத வாசலைத் தேடுவது அப்போதே வந்துவிட்டது.

1817-இல் ஒரு கொலை வழக்கு. குற்றவாளிக்குச் சித்தசுவாதீனம் இல்லை என்று வாதாடினார். அந்தக் காலத்தில் ஜூரி எளிதில் ஏற்கிற வாதம் இல்லை அது. தூக்குத்தான் கிடைத்தது, ஆனால் வாதாடிய விதத்தைப் பார்த்து வழக்குகள் வர ஆரம்பித்தன. பிறகு நிலம், வரி, இரும்பு ஆலை என்று பணம் சேர்ந்தது. அதே இரும்பு ஆலை கடனாகவும் ஆனது. 1842-இல் அவர் லங்காஸ்டருக்கு இடம் மாறியதற்குக் காரணம், அங்கே பெரிய வழக்குகள் கிடைக்கும், கடனை அடைக்கலாம் என்பதே. அவருடைய கேலடோனியா ஆலையை 1863 ஜூனில் தென் தளபதி ஏர்லியின் படை குறிவைத்துக் கொளுத்தியது தனிக்கதை.

வழக்கறிஞர் ஸ்டீவன்ஸைப் புரிந்துகொள்ள ஒரே வழக்குதான் என்றால் நான் கிறிஸ்டியானாவைச் சொல்வேன்.

1850 தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின் அமைப்பைக் கவனியுங்கள். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை இல்லை, தன் சார்பில் சாட்சி சொல்ல முடியாது. ஆணையர் ஒருவர் முடிவு செய்வார். முதலாளியிடம் திருப்பி அனுப்பினால் ஆணையருக்கு 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். தடுக்கிறவருக்கு 1,000 டாலர்வரை அபராதமும் ஆறு மாதம்வரை சிறையும். 1851 செப்டம்பர் 11 அன்று மேரிலாந்தின் எட்வர்ட் கோர்சச் என்ற முதலாளி, லங்காஸ்டர் கவுண்டியின் கிறிஸ்டியானாவுக்குத் தன் அடிமைகளைப் பிடிக்க வந்தார். அங்கிருந்த கறுப்பின மக்கள் எதிர்த்தார்கள், மோதலில் அவர் இறந்தார். அரசு செய்த தவறு இங்கே தொடங்குகிறது: கொலை என்றோ சட்டத்தைத் தடுத்தது என்றோ வழக்குப் போடாமல் 38 பேர் மீது தேசத்துரோகம் என்று போட்டது.

தேசத்துரோகத்துக்கு அரசியலமைப்பே வரையறை வைத்திருக்கிறது: நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது அல்லது எதிரிக்கு உதவுவது. முதலில் நிறுத்தப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே, வெள்ளைக்கார மாவு மில்காரர். அதிகாரி உதவி கேட்டபோது மறுத்தார் என்பதுதான் அவர் மீதிருந்த முக்கியக் குற்றச்சாட்டு. பிலடெல்பியாவின் சுதந்திர மண்டபத்து மாடியில் நவம்பர் 24-இல் விசாரணை தொடங்கியது. ஸ்டீவன்ஸ் பாதுகாப்பு வக்கீல்களில் ஒருவர், ஆனால் முன்னால் நின்றவர் ஜான் ரீட் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர். இதை வேண்டுமென்றே செய்தார்கள். அடிமை ஒழிப்புக்காரர் என்று ஊரறிந்த ஸ்டீவன்ஸ் முன்னால் நின்றால் ஜூரி அதை அரசியல் வழக்காகப் பார்க்கும். நீதிபதி க்ரியர் ஒழிப்புக்காரர்களைத் திட்டித் தீர்த்தார், அதே உரையில், சிலர் தங்கள் சொந்த நோக்கத்துக்காக ஒரு சட்டத்தை எதிர்ப்பது 'போர் தொடுப்பது' ஆகாது என்றும் சொல்லிவிட்டார். ஜூரி டிசம்பர் 11 அன்று கால் மணி நேரத்தில் விடுவித்தது. மற்றவர்கள் மீதான தேசத்துரோக வழக்கும் அதோடு உதிர்ந்தது.

தேவைப்பட்டால் பின்வரிசையில் உட்காரத் தெரிந்த மனிதர் அவர். காங்கிரஸில் அவரைக் கத்திப் பேசும் கிழவராக மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

---

காணிநிலம் எழுதியது:

நிலத் திட்டத்தைப் பற்றி மட்டும்.

1865 செப்டம்பர் 6, லங்காஸ்டர் உரை. அதில் அவர் போட்ட கணக்கு இது: 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் சுமார் 70,000 பேரின் நிலத்தையும் கிளர்ச்சி மாநில அரசுகளின் நிலத்தையும் எடுத்தால் 39.4 கோடி ஏக்கர். விடுதலை பெற்ற வயதுவந்த ஆண்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர், ஆளுக்கு 40 ஏக்கர், ஆக 4 கோடி ஏக்கர். மீதி 35.4 கோடி ஏக்கரை ஏக்கர் 10 டாலருக்கு விற்றால் 354 கோடி டாலர். அதில் 30 கோடியை 6 சதவீதப் பத்திரத்தில் போட்டு வட்டியை ராணுவ ஓய்வூதியத்துக்குக் கூட்டுவது, 20 கோடி ஒன்றிய ஆதரவாளர்களின் சேதத்துக்கு, மிச்சம் 304 கோடி தேசியக் கடனுக்கு.

கவனித்தீர்களா? எடுக்கும் நிலத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே உழுதவர்களுக்குப் போகிறது. மீதியை வடக்கு வரிகட்டுநருக்கான தூண்டிலாக வைத்தார். தானே கட்சிக்குள் இது நியாயம் என்பதைவிட லாபம் என்று விற்கப் பார்த்தார்.

எங்கே உடைந்தது? முதலில் சட்டம். தேசத்துரோகத் தண்டனையால் சொத்துப் பறிமுதல் குற்றவாளியின் ஆயுள்காலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு. 1862 ஜூலையின் இரண்டாம் பறிமுதல் சட்டத்திலேயே லிங்கன் இதைக் காட்டி விளக்கத் தீர்மானம் கேட்டு வாங்கினார். அப்பன் செத்தால் நிலம் பிள்ளைக்குத் திரும்பும் என்றால் யார் வாங்குவான்? இதைத் தாண்டத்தான் ஸ்டீவன்ஸ் தெற்கை 'வென்ற பிரதேசம்' என்றார். குற்றவாளியின் சொத்தாகப் பார்த்தால் ஆயுள்வரை, போரில் வென்ற எதிரியின் சொத்தாகப் பார்த்தால் நிரந்தரம். வாதம் கெட்டி. ஆனால் அதை ஏற்றால் மாநிலங்கள் ஒன்றியத்தை விட்டுப் போயின என்று ஒப்புக்கொண்டதாகும், அதற்காகத்தானே நான்கு வருடம் போர் என்று அவர் கட்சிக்காரர்களே பின்வாங்கினார்கள்.

அடுத்தது காலம். ஜான்சன் 1865 மே 29 மன்னிப்பு ஆணையில் அடிமைகள் நீங்கலாக மற்ற சொத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள் தனியாக மனுப் போட வேண்டும், போட்டால் கிடைத்தது. காங்கிரஸ் கூடியதோ டிசம்பரில். அதற்குள் அரசின் கையில் இருந்த நிலம் கரைந்துகொண்டிருந்தது.

1866 பிப்ரவரியில் ஃப்ரீட்மென்ஸ் பீரோ மசோதாவில் பறிமுதல் நிலத்தைச் சேர்க்க அவர் கொண்டுவந்த திருத்தம் 37-126 என்று தோற்றது. 1867 மார்ச் 19 அன்று தனி மசோதாவாகவே கொண்டுவந்து பேசினார், அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. வாக்குரிமைக்குக் கை தூக்கிய குடியரசுக் கட்சிக்காரர் சொத்து என்றதும் கையை இறக்கிவிட்டார். தெற்கில் பெருநிலத்தைப் பிரிக்கலாம் என்றால் நாளை வடக்கில் ஆலையைப் பிரிக்கலாமே என்ற பயம் அது. வாக்குரிமையும் நிலம் இல்லாமல் நிற்காது என்று ஸ்டீவன்ஸ் சொன்னது பிற்பாடு நடந்தது.

---

அவைக்குறிப்பு எழுதியது:

காணிநிலம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சமரசம் தெரியாதவர் ஸ்டீவன்ஸ் என்ற பிம்பம் தப்பு. 14-ஆம் திருத்தத்தின் மூன்றாம் பிரிவில், கிளர்ச்சிக்குத் துணைபோனவர்களுக்கு 1870 ஜூலை 4 வரை கூட்டாட்சித் தேர்தலில் வாக்கு இல்லை என்று இருந்தது. செனட் அதை எடுத்துவிட்டு, சத்தியம் செய்து பதவி வகித்துப் பின் கிளர்ச்சி செய்தவர்களுக்குப் பதவித் தடை என்று மட்டும் வைத்தது. 1866 ஜூன் 13 அன்று இறுதி வாக்கெடுப்பு 120-32. தேவதைகளோடு அல்ல, மனிதர்களோடு வாழ்கிறேன், அதனால் இந்தக் குறையுள்ளதையும் ஏற்கிறேன் என்று சொல்லி வாக்களித்தார்.

பதவிநீக்க விசாரணையில் அந்த நிதானம் இல்லை. அடித்தளமே பொத்தல். 1867 மார்ச் 2-இன் பதவிக்காலச் சட்டப்படி, அமைச்சர்கள் தங்களை நியமித்த ஜனாதிபதியின் பதவிக்காலம் முடிந்து ஒரு மாதம்வரை நீடிப்பார்கள். போர்த்துறைச் செயலர் ஸ்டாண்டனை 1862-இல் நியமித்தவர் லிங்கன். லிங்கன் இறந்ததோடு அந்தக் காலம் முடிந்ததா, ஜான்சன் ஓட்டுவது லிங்கனின் மிச்சக் காலமா? முடிந்தது என்றால் 1868 பிப்ரவரி 21 அன்று ஸ்டாண்டனை நீக்கியது குற்றமே இல்லை. ஆனால் மூன்றே நாளில், பிப்ரவரி 24 அன்று, 126-47 என்று பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டிவிட்டது. குற்றப்பத்திரிகையின் வாசகங்களைப் பிறகுதான் எழுதினார்கள்.

---

வழக்குக்கட்டு எழுதியது:

அடித்தளம் பொத்தல் என்பதை ஸ்டீவன்ஸ் மற்றவர்களுக்கு முன்பே பார்த்துவிட்டார் என்பேன். 11-ஆவது குற்றச்சாட்டு அவர் வலியுறுத்திச் சேர்த்தது. ஸ்டாண்டனை நீக்கியதை மட்டும் நம்பாமல், காங்கிரஸின் அதிகாரத்தையே ஜான்சன் மறுத்துப் பேசியது, தெற்கு மாநிலங்களுக்கான மறுசீரமைப்புச் சட்டத்தைத் தடுக்கப் பார்த்தது என்று எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டினார். மற்ற பத்துக் குற்றச்சாட்டுகளில் எதிலும் குற்றம் காணத் தயங்குகிற செனட்டருக்கு இதில் ஏதாவது ஒரு பிடி கிடைக்கும் என்பது கணக்கு. குற்றம் சாட்டும் தரப்பும் அதையே நம்பியது, அதனால்தான் மே 16 அன்று 11-ஆவதை முதலில் வாக்கெடுப்புக்கு எடுத்தார்கள். 54 செனட்டர்களில் 36 வேண்டும், வந்தது 35-19. குடியரசுக் கட்சியில் ஏழு பேர் மாறி வாக்களித்தார்கள். மே 26 அன்று 2-ஆவதும் 3-ஆவதும் அதே எண்ணில் தோற்றதும் விசாரணையை மூடிவிட்டார்கள்.

சட்டப் பொத்தல் மட்டும் காரணமில்லை. ஜான்சன் போனால் துணை ஜனாதிபதி இல்லாததால் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேட் வருவார். அவருடைய நாணயக் கொள்கையும் சுங்கவரிக் கொள்கையும் பல மிதவாதிகளுக்கு ஆகாது. ஸ்டீவன்ஸும் அப்போது நாற்காலியில் வைத்துத் தூக்கிவரும் நிலையில் இருந்தார். ஏப்ரல் 27 அன்று தன் வாதத்தை வாசிக்கத் தொடங்கியவருக்கு முடிக்கக் குரல் இல்லை, பெஞ்சமின் பட்லர்தான் வாசித்து முடித்தார். ஆகஸ்ட் 11 அன்று இறந்துவிட்டார்.

---

தெற்குவாசல் கேட்டது:

நன்றி, மூவருக்கும். ஒரே ஒரு சந்தேகம். 1838-இலும் 1863-இலும் தோற்ற உத்தி 1865-இல் ஜெயித்தது எண்ணிக்கையால் என்றால், மேனார்ட்டை மட்டும் உள்ளே விட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? டென்னசிக்கு 8 இடம்தானே.

---

அவைக்குறிப்பு எழுதியது:

எட்டு இடம் பெரிதில்லை, டென்னசிக்கென்று கிடைக்கும் தீர்ப்புதான் பெரிது. ஜான்சன் ஏற்றுக்கொண்ட ஒரு மாநில அரசின் சான்றை ஏற்றுவிட்டால் மற்ற பத்து மாநிலங்களும் அதே காகிதத்தோடு வந்து நிற்கும், வேறுபடுத்த சட்டக் காரணம் இருக்காது. அதனால் முதலில் டென்னசியையும் சேர்த்தே மூடினார்கள். 1866 ஜூலையில் டென்னசி 14-ஆம் திருத்தத்தை ஏற்றது. அதையே காரணமாகக் காட்டித் தனித் தீர்மானம் போட்டு ஜூலை 24 அன்று மாநிலத்தைச் சேர்த்துக்கொண்டார்கள், மேனார்ட்டும் அதன் பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். திருத்தத்தை நிராகரித்த மற்ற பத்து மாநிலங்களுக்குக் கிடைத்தது 1867 மார்ச் 2-இன் சட்டமும் ஐந்து ராணுவ மாவட்டங்களும்.